சப்வூஃபர் பெட்டி எத்தனை லிட்டர், குழாய் எத்தனை அங்குலம்? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 12 அங்குல சப்வூஃபர் (ஆழ்ந்த பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) ஒன்று வாங்கியிருக்கிறேன். பெட்டிக்கு அளவு கேட்கிறார் தச்சர். 12 அங்குலத்துக்கென்று பொதுவான அளவு உண்டா? உடன் வந்த தாளில் எஃப்.எஸ் 28, க்யூ.டி.எஸ் 0.45, வி.ஏ.எஸ் 90 லிட்டர் என்று இருக்கிறது.

பதில்: பொதுவான அளவு கிடையாது. ஒரு 12 அங்குல ஸ்பீக்கருக்கு 30 லிட்டர் போதும், இன்னொன்று 100 லிட்டர் கேட்கும். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், பெட்டியின் அளவு அதில்தான் இருக்கிறது. எஃப்.எஸ் என்பது கோன், அதாவது முன்னும் பின்னும் ஆடி ஒலி எழுப்பும் கூம்பு, இயல்பாக அதிரும் அதிர்வெண். வி.ஏ.எஸ் என்பது கோனைப் பிடித்திருக்கும் சரவுண்டும் (விளிம்பு வளையம்) ஸ்பைடரும் (பின்புற நெளிவட்டு) சேர்ந்து தரும் நெகிழ்வுக்கு ஈடான காற்றின் கொள்ளளவு. க்யூ.டி.எஸ் அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்று சொல்கிறது. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல் வெளியிட்ட ஆய்வையும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை வளர்த்தெடுத்ததையும் வைத்தே உலகம் முழுவதும் இன்று பெட்டி அளக்கிறார்கள்.

மூடிய பெட்டிக்குக் கணக்கு எளிது. பெட்டியில் பொருத்தியபின் க்யூ 0.707 ஆக உயர வேண்டும் என்பதே வழக்கமான இலக்கு. அந்த 0.707ஐ க்யூ.டி.எஸ்ஸால் வகுத்தால் உங்களுக்கு 1.57 வரும். அதன் வர்க்கம் 2.47. ஒன்றைக் கழித்தால் 1.47. வி.ஏ.எஸ் 90ஐ இதால் வகுத்தால் 61 லிட்டர். எஃப்.எஸ் 28ஐ 1.57ஆல் பெருக்கினால் 44 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒலி சரியத் தொடங்கும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதால், பாட்டுக் கேட்க இது நல்ல பெட்டி. இடமில்லை என்று 30 லிட்டரில் அடைத்தால் 0.707 இருந்த இடத்தில் 0.9 வரும், 44 ஹெர்ட்ஸ் 56 ஆகிவிடும். ஓரிடத்தில் மட்டும் ஒலி மேடு கட்டி முழங்கும், ஆழம் போய்விடும். கொஞ்சம்தான் குறைகிறது என்றால் உள்ளே தலையணைப் பஞ்சைத் தளர்வாக நிரப்புங்கள். பெட்டி பத்து முதல் இருபது சதவீதம் பெரியதுபோல நடந்துகொள்ளும்.

கேள்வி: 64 லிட்டர் வேண்டும் என்று 40 சென்டிமீட்டர் கனசதுரமாக 18 மில்லிமீட்டர் பலகையில் செய்தேன். ஒலி கட்டிப்போனதுபோல் இருக்கிறது. ஏன்?

பதில்: 40 சென்டிமீட்டர் வெளி அளவா, உள் அளவா? வெளி அளவு என்றால் உள்ளே ஒவ்வொரு பக்கமும் 36.4தான். பெருக்கிப் பாருங்கள், 48 லிட்டர். ஸ்பீக்கரின் காந்தமும் சட்டமும் தாங்கு கட்டைகளும் இரண்டு மூன்று லிட்டரைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சுவது 45. கேட்டதில் முப்பது சதவீதம் காணாமல் போயிருக்கிறது. தச்சரிடம் எப்போதும் உள் அளவைச் சொல்லுங்கள். என் முதல் பெட்டியில் நானும் இதே தவறைச் செய்து, ஒரு முழுப் பலகையை இழந்தேன்.

கேள்வி: 60 லிட்டர் பெட்டியில் துளைக் குழாய் வைத்து 30 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்க ஆசை. வீட்டில் 2 அங்குல பி.வி.சி. குழாய் மிச்சம் இருக்கிறது. போதுமா?

பதில்: போதாது. சுருதி சேரும், ஆனால் பயன்படாது. காலிப் புட்டியின் வாயில் ஊதினால் ஒரு சுரம் வருகிறதல்லவா, குழாய்ப் பெட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது. குழாய்க்குள் இருக்கும் காற்று எடை, பெட்டிக் காற்று வில். வாய் குறுகினால் அதே சுரத்துக்குக் குழாய் நீளமும் குறையும். உங்கள் பெட்டிக்கு 5 சென்டிமீட்டர் உள்விட்டம் என்றால் சுமார் 7 சென்டிமீட்டர் நீளம். 7.5 என்றால் 19. 10 என்றால் 36. ஏழு சென்டிமீட்டர் வசதியாகத்தான் தெரியும். ஆனால் அந்தச் சிறிய வாய் வழியாக அத்தனை காற்றும் போய்வர வேண்டும். ஒலியைக் கூட்டியதும் புஸ் புஸ் என்று சீறும். வேகம் வினாடிக்கு 17 மீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 4 அங்குலக் குழாயே வாங்குங்கள். நீளம் இடிக்குமென்றால் எல்போ போட்டு வளைக்கலாம். உள் முனைக்கும் பின்சுவருக்கும் நடுவே குழாயின் விட்டமளவு இடம் விடுங்கள். குழாய் அடைக்கும் இடத்தையும் 60 லிட்டரோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெட்டிக் காற்று கோனைத் தாங்காது. அது கட்டில்லாமல் ஆடி, அதோடு ஒட்டியுள்ள கம்பிச் சுருள் அடிபடும். ஆம்ப்ளிஃபயரில் மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சானிக் ஃபில்ட்டர் இல்லாமல் குழாய்ப் பெட்டி செய்யாதீர்கள்.

கேள்வி: நீள அகல உயரம் பொன் விகிதத்தில்தான் (சுமார் 1 : 1.6) இருக்க வேண்டுமா?

பதில்: சப்வூஃபருக்குத் தேவையில்லை. அந்த விகிதம், சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்பி ஒரே சுரத்தில் குவியும் நிலை அலையைத் தவிர்க்கத்தான். 40 சென்டிமீட்டர் சுவர்களுக்கிடையே அது உருவாவது 430 ஹெர்ட்ஸில். உங்கள் சப்வூஃபர் 80, 100 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். கட்டிலடியில் பொருந்தும் வடிவமே போதும்.

கேள்வி: அண்ணா, எங்கள் வீடு நாகப்பட்டினம். எம்.டி.எஃப் போடலாமா, பிளைவுட்டா?

பதில்: கடலோரத்துக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட், தம்பி. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் ஒலிக்கு அருமையான பலகைதான், ஆனால் வெட்டிய விளிம்பில் ஈரம் ஏறினால் உப்பிவிடும், பிறகு திருகு பிடிக்காது. எந்தப் பலகையானாலும் எதிரெதிர்ச் சுவர்களை நடுவில் ஒரு கட்டையால் இணைத்துவிடு. எல்லா மூட்டிலும் உட்புறம் பசையை வழித்துவிடு. மூடிய பெட்டியென்றால் கோனை மெல்ல அழுத்திப் பார். மெதுவாகத் திரும்பினால் காற்று கசியவில்லை.

கேள்வி: பழைய கடையில் வாங்கிய 10 அங்குல ஸ்பீக்கர். பெயரும் இல்லை, தாளும் இல்லை. எப்படிக் கணக்கிடுவது?

பதில்: அளந்துவிடலாம். ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே 1,000 ஓம் ரெசிஸ்டரை வரிசையில் இணையுங்கள். ஸ்பீக்கரை எதன்மேலும் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு, கைப்பேசியிலிருந்து 15 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஒலி கொடுத்து, ஸ்பீக்கர் முனைகளில் மல்ட்டிமீட்டர் காட்டும் ஏ.சி. வோல்ட்டை எழுதுங்கள். வோல்ட் உச்சம் தொடும் இடம் எஃப்.எஸ். பிறகு கொள்ளளவு தெரிந்த, கசியாத ஒரு பெட்டியில் பொருத்தி மறுபடி அளந்தால் உச்சம் மேலே நகர்ந்திருக்கும். புதிய எண்ணைப் பழையதால் வகுத்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கழித்து, பெட்டியின் லிட்டரால் பெருக்கினால் ஏறத்தாழ வி.ஏ.எஸ் கிடைக்கும். க்யூ.டி.எஸ் கணக்கு சற்று நீளம். வோல்ட் பட்டியலையும் சுருளின் ஓம் அளவையும் அனுப்புங்கள், போட்டுத் தருகிறேன்.