மனிதகுலம் என்ற மூட்டை

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்தில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். பதினைந்து வருடமாக விடாமல் வாசிக்கிறேன். போன மாதம், ஏழாம் வகுப்பு படிக்கும் மகனைத் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஏட்டைப் பார்த்து, "இவ்வளவு பொடியா எப்படிப்பா எழுதினாங்க?" என்று கேட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று இரவே அவன் என் கைபேசியில், ஒரு நகரம் குண்டு விழுந்து சரிகிற காட்சியைப் பார்த்துவிட்டான். "குண்டு போடுறவங்களும் படிச்சவங்கதானே?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

குறளை எழுதியதும் பெரிய கோயிலைக் கட்டியதும் இதே மனிதன்தான். யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தியதும் வெண்மணியில் குடிசைக்குத் தீ வைத்ததும் இதே மனிதன்தான். தராசில் வைத்தால் எந்தத் தட்டு தாழும் ஐயா? சில இரவுகளில், மனித இனமே இல்லாமல் போனால் காவிரி நீர்நாய்களுக்கும் கொக்குகளுக்கும் மிஞ்சுமே என்றுகூடத் தோன்றுகிறது. என் வாசிப்பும் ஒரு போதைதானா? மகனுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

இப்படிக்கு,
உங்கள் வாசகன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை எங்கள் ஊர்ப்புற நூலகத்து வாசலில் உட்கார்ந்துதான் படித்தேன். புரட்டாசி பிறந்தால் புத்தகங்களை வெளியே எடுத்து ஆற்றுவது எங்கள் வழக்கம். அடைமழை பிடித்துக்கொண்டால் தை வரைக்கும் சுவர் ஓதம் காயாது. அந்த வேலைக்கு நடுவில் வந்ததால்தான் இந்தப் பதில். தராசு, தட்டு என்று வருகிற கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை.

முதலில் அந்த நீர்நாயைப் பற்றிப் பேசிவிடுவோம். மனித இனம் போகட்டும் என்பது வயிறு நிறைந்து, மின்விசிறிக்குக் கீழே படுத்திருக்கும்போது வருகிற எண்ணம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தது. நாகப்பட்டினம் கரையில் மனிதர்கள் இல்லாமல்தான் போனார்கள். மூன்றாம் நாள் நான் அங்கே நின்றேன். கரைக்கு நிம்மதி வந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒரு சின்னச் செருப்பு ஒற்றையாகக் கிடந்தது. அதைத் தாண்டி நடக்கக் கால் வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு இனிமேல் அந்த வரியை எழுதாதீர்கள்.

வாசிப்பு மனிதனை நல்லவனாக்குமா என்ற கேள்வியும் உங்கள் கடிதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஆக்காது. நான் எங்கேயும் அப்படிச் சொன்னதில்லை. நீங்கள் போன அந்த நூலகத்துக்குச் சரபோஜி மன்னர் தேடித் தேடி நூல் சேர்த்த அதே காலத்தில், இந்த வயல்களில் பண்ணையாட்கள் நிலத்தோடு சேர்ந்து கைமாறினார்கள். நீங்கள் மகனுக்குப் பெருமையாகக் காட்டிய ஏட்டுக்கும் அந்த வயலுக்கும் நடுவே எத்தனை கல் தூரம் இருந்துவிடப் போகிறது? இதில் பேச அதிகம் இல்லை, விடுங்கள்.

எனக்கு உறுத்தியது வேறு. "இதே மனிதன்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்.

1968 டிசம்பர் 25 இரவு. கீழ்வெண்மணியில் கூலி கேட்டவர்கள் மேல் மிராசுதாரர்களின் ஆள்படை பாய்ந்தது. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் ராமையாவின் குடிசைக்குள் போய் ஒண்டினார்கள். குடிசையைச் சூழ்ந்து தீ வைத்தார்கள். 44 பேர். கேட்டது நெல், அதுவும் படிக்கணக்கில். இதைச் செய்தது யார்? நீங்கள் "மனிதன்" என்கிறீர்கள். உள்ளே வெந்தவர்கள் யார், தம்பி? அவர்களும் மனிதர்கள்தானே? குற்றத்தை மனித இனத்தின் பேரில் எழுதினால் அந்த 44 பேருக்கும் அதில் ஒரு பங்கு போய்விடுகிறது. தாய் மடியில் கிடந்த குழந்தைக்கும் போய்விடுகிறது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் மிராசுதாரர்களை விடுதலை செய்தது. ஐம்பது வருடம் கழித்து, கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் அவர்களை இரண்டாவது முறை விடுதலை செய்கிறீர்கள்.

கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். நான் கீழத்தஞ்சைக்காரன். சவுக்கடியும் சாணிப்பாலும் எனக்குப் பாட்டி சொன்ன கதைகள். நேரம் தப்பி வயலுக்கு வந்தவனைக் கட்டி வைத்து அடித்து, சாணியைக் கரைத்து வாயில் ஊற்றிய ஊர் இது. ஊற்றியவனுக்கும் பேர் உண்டு, குடித்தவனுக்கும் பேர் உண்டு. 1940களில், கன்னட நாட்டில் பிறந்த பி. சீனிவாசராவ் என்ற கம்யூனிஸ்ட் ஒருவர் இங்கே வந்தார். சேரி சேரியாகப் போய்த் தங்கி, அடித்தால் திருப்பி அடி என்று சொல்லிக்கொடுத்தார். ஊற்றியவனையும் குடித்தவனையும் சீனிவாசராவையும் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டி, "மனிதகுலம்" என்று சீட்டு ஒட்டி, அதைத் தராசில் தூக்கி வைக்கிறீர்கள். முள் எந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன? யாழ்ப்பாணமும் அப்படித்தான். 1981 மே மாதக் கடைசி இரவில் ஏறத்தாழ 97,000 நூல்களுக்குத் தீ வைத்தவர்களுக்கு முகம் இருந்தது, சம்பளம் கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

உங்கள் பையன் என்ன கேட்டான் என்று திரும்பப் படித்துப் பாருங்கள். "குண்டு போடுறவங்க" என்று கேட்டிருக்கிறான். மனிதன் என்று கேட்கவில்லை. அவன் சரியாகக் கேட்டிருக்கிறான்.

சாதனைப் பக்கமும் இதே கதைதான். நீங்கள் பெருமைப்பட்ட அந்த ஏட்டையே எடுத்துக்கொள்வோம். பனையோலைக்கு நம் ஊர்ப் புழுக்கத்தில் ஆயுள் எவ்வளவு? நன்றாகப் பார்த்துக்கொண்டால் முந்நூறு வருடம். சங்கப் பாட்டுக்கு வயது ஏறக்குறைய இரண்டாயிரம். கணக்குப் போடுங்கள். ஆறேழு தடவையாவது யாரோ ஒருத்தர், நைந்துபோன ஓலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புது ஓலையில் எழுத்து எழுத்தாகக் கீறியிருக்கிறார். அந்த ஆறேழு பேரில் ஒருவர், "இந்தத் தடவை வேண்டாம், கண் தெரியவில்லை" என்று எழுத்தாணியைக் கீழே வைத்திருந்தால் அந்தப் பாட்டு இன்றைக்கு இல்லை. யாரும் கொளுத்தியிருக்க வேண்டியதில்லை. பகைவன் வேண்டாம், படையெடுப்பு வேண்டாம், கரையானும் ஓதமும் போதும். 1836இல் கட்டிய முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்டில் ஒன்பது மதகுகள் தண்ணீரோடு போயினவே, அவற்றை யார் வந்து இடித்தார்கள்?

உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, உங்கள் கும்பகோணத்துக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் உ.வே. சாமிநாதையர். 1880இல் அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். சிந்தாமணி படித்திருக்கிறீர்களா? இல்லை. தேடல் அங்கேதான் தொடங்கியது. ஏழு வருடம் கழித்து, 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. இந்த இரண்டு ஆட்களுக்கும் பேர் இருக்கிறது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் படிப்பது, அவர் ஏடு தேடிப்போன இடங்களில் கேட்ட பதில்களை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கோயிலில், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஆகமத்தில் அப்படி இருக்கிறதாம். இன்னோர் இடத்தில், ஆடிப்பெருக்கன்று ஏடுகளைத் தேர் போலக் கட்டி ஆற்றில் விட்டிருக்கிறார்கள். நெருப்பில் போட்டவர் கையில் வெறுப்பு இல்லை, பக்தி இருந்தது. இது என்னைப் பல நாள் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. நீங்கள் அழிவு என்றவுடனே குண்டைத்தான் பார்க்கிறீர்கள்.

இப்போது நான் எழுத நினைத்ததற்கு வருகிறேன்.

2018 நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யத்துப் பக்கம் கரையேறிய இரவு. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பு முழுக்க ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. நூலகக் கூரையில் நாலு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் காணோம். வழியில் விழுந்த மரங்களை அறுத்து உள்ளே போக மூன்று நாள் ஆயிற்று. அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தையும் உருவ முடியவில்லை. ஊறி உப்பி, ஒன்றோடு ஒன்று செங்கல் சுவர் மாதிரி இறுகிக்கிடந்தன. கடப்பாரையை விட்டு அலமாரிச் சட்டத்தை நெம்பித்தான் எடுத்தோம்.

பக்கத்துப் பள்ளிக்கூடம்தான் நிவாரண முகாம். அதன் முற்றத்தில் தார்ப்பாய் விரித்து, பதினோரு மணி வெயிலில் எல்லாவற்றையும் பரப்பினேன். ஒரு மணி நேரத்தில் அட்டைகள் காய்ந்த வாழைமட்டை போலச் சுருட்டிக்கொண்டன. முகாமில் இருந்த ஒரு அம்மா வந்து நின்று பார்த்தார். நடவுக்குப் போகிறவர், அறுபதுக்கு மேல் இருக்கும், எழுதப் படிக்கத் தெரியாது. அவர் வீடு இருந்த இடத்தில் இடுப்பளவு மண்சுவர் மட்டும்தான் நின்றது.

"என்னாங்க சார் பண்றீங்க? வெதநெல்ல யாராச்சும் உச்சி வெயில்ல போடுவாங்களா? மொளப்பு போயிடும். நெழலுக்குத் தள்ளுங்க."

எனக்குப் பதில் சொல்லக்கூட நேரம் கொடுக்கவில்லை. தார்ப்பாயின் ஒரு முனையை அவரே பிடித்து இழுத்தார். இன்னும் நாலைந்து பெண்கள் வந்தார்கள். தாழ்வாரத்து நிழலில் ஒவ்வொரு புத்தகத்தையும் நிமிர்த்தி, தாள்களை விசிறி போல விரித்து நிறுத்தினார்கள். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிய்க்க விடவில்லை; "தானா விடும், பொறுங்க" என்றார். நிவாரணமாக வந்து குவிந்த பழந்துணியில் யாரும் உடுத்த முடியாத கந்தல் நிறைய இருந்தது. அதைக் கிழித்து, தாளுக்குத் தாள் இடையில் வைத்து ஈரம் ஒற்றினார்கள். காலையில் கொஞ்சம் இளவெயில், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கொஞ்சம், நடுவில் நிழல். ஒன்பது நாள்.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் முதலில் எடுத்தது போட்டித் தேர்வு கைடுகளை. நான் நாவல்களை எடுக்கச் சொன்னேன். ரஷ்ய நாவல்களின் பழைய மொழிபெயர்ப்புகள் இருந்தன. இனி அச்சில் வராதவை. "இது எம் பேத்தி படிக்கிறது சார். குரூப் ஃபோர் எழுதுது. ஒங்க கதய அப்பறம் பாப்பம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, வாய்விட்டும் ஏதோ சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 3,000 சொச்சம் புத்தகங்களில் 1,200 தேறின. ரஷ்ய நாவல்களில் பாதி பூஞ்சைக்குப் போனது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அவர் செய்தது சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

பேத்தி இரண்டு முறை எழுதினாள், கிடைக்கவில்லை. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். ஆகவே இதைக் கல்வி கைதூக்கிவிட்ட கதையாக எடுத்துக்கொண்டு போய் யாரிடமும் சொல்லாதீர்கள். வீடு போன மூன்றாம் நாள், தன்னால் ஒரு வரி படிக்க முடியாத புத்தகத்தை ஒருத்தி விதைநெல்லைப் போலக் காயவைத்தாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இவரை உங்கள் தராசில் எங்கே வைப்பீர்கள்? குண்டு போடுகிறவனுக்கு எதிர்த்தட்டிலா? அவனுக்குச் சரிக்கட்டவா இவர் ஒன்பது நாள் குனிந்து கிடந்தார்? அவன் செய்ததற்கு அவன்தான் கணக்குச் சொல்ல வேண்டும். இவரைக் கொண்டு அந்தக் கடனை அடைக்காதீர்கள்.

வாசிப்பு போதையா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினைந்து வருடம் வாசித்துவிட்டு "மனிதன்" என்று மொட்டையாக எழுத முடிகிறதென்றால் கொஞ்சம் போதைதான், அதைப் பாருங்கள். பையனுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள், இதிலென்ன கேள்வி? அவன் கேட்டதற்கு, "ஆமாம், படிச்சவங்கதான்" என்று உண்மையைச் சொல்லுங்கள். அடுத்து "யாரு அவங்க?" என்று கேட்பான். அப்போது போனைப் பிடுங்காமல் பக்கத்தில் உட்காருங்கள். ராத்திரி நேரத்தில் இந்தக் கேள்விகளோடு நீங்கள் தனியாக விழித்திருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. தூக்கம் வரவில்லை என்றால் எழுதுங்கள். திட்டினாலும் பதில் போடுவேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைசி இரண்டு அலமாரிகளை வெளியே எடுக்கிறோம். பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த அம்மாவும் வருவார். இப்போது முட்டி வலி, உட்கார்ந்தபடியே வேலை சொல்வார். வீட்டில் பழைய வேட்டி இருந்தால் கொண்டுவாருங்கள், தூசி துடைக்க ஆகும். காலை ஏழு மணிக்கே வந்துவிடுங்கள். பத்து மணிக்குள் எல்லாவற்றையும் நிழலுக்கு எடுத்துவிட வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்