சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் தொடரில் ரிச் மூர் இயக்கியவற்றில் எந்த எபிசோடுகள் சிறந்தவை?

வார இறுதியில் உட்கார்ந்து பார்க்கத் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மூன்று சொல்கிறேன்: 1991-இல் வந்த 'லிசாஸ் சப்ஸ்டிடியூட்', 1993-இல் வந்த 'மார்ஜ் வெர்சஸ் தி மோனோரயில்', அதே ஆண்டின் 'கேப் ஃபியர்'. பின்னாளில் 'ஜூடோபியா' அனிமேஷன் படத்தை இன்னொருவரோடு சேர்ந்து இயக்கினாரே, அதே மூர்தான். ('லாஸ்ட் எக்ஸிட் டு ஸ்பிரிங்ஃபீல்டு' எங்கே என்று சண்டைக்கு வராதீர்கள். அது மார்க் கிர்க்லாண்ட் இயக்கியது.)

இயக்குநர் பெயரைச் சொல்லிக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி. மோனோரயில் என்றால் எல்லோரும் அதை எழுதிய கோனன் ஓ'பிரையனைத்தான் சொல்வார்கள். எழுத்து பிரமாதம், நான் மறுக்கவில்லை. ஆனால் ஊர்க்கூட்டத்தில் அத்தனை பேரும் சேர்ந்து பாடும் அந்தக் காட்சியை யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். கார்ட்டூனில் இயக்குநருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்குப் பொறுக்காது.

சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் ஆறு வருடம் இன்பிட்வீன் போட்டவன் நான். முக்கியமான நிலைகளைச் சீனியர் வரைவார், நடுவில் வரும் படங்கள் எங்கள் வேலை. சேர்ந்த புதிதில், ஒரு ஆள் வழுக்கி விழும் காட்சியை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அன்று மதியம் சீனியர் அண்ணன் 'கேப் ஃபியர்' போட்டுக் காட்டினார். வில்லன் சைட்ஷோ பாப் சருகு வாரும் கம்பின் பல்லில் கால் வைப்பான், கம்பு எழும்பி முகத்தில் அறையும். ஒன்பது முறை! எபிசோடு நீளம் போதவில்லை என்று இழுத்த காட்சி அது. "அடி வாங்கிட்டு எவ்ளோ நேரம் நின்னு முனகுறான், எண்ணு" என்றார். மூன்றாவது அடிக்குச் சிரித்தேன், ஐந்தாவதில் அலுத்தது, எட்டாவதில் வயிறு வலித்தது. சாயந்தரம் என் ஆளை மறுபடி வரைந்தேன். விழுந்த பிறகு எட்டு ஃப்ரேம் அசையாமல் கிடக்கவிட்டேன். அண்ணன் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

'லிசாஸ் சப்ஸ்டிடியூட்' வேறு ரகம். ரயிலேறும் மாற்று ஆசிரியர், சிம்ப்சன் வீட்டுச் சிறுமி லிசாவிடம் ஒரு சீட்டைக் கொடுப்பார். ரயில் நகர, பிளாட்பாரத்தில் கூடவே ஓடுவாள். 'நீ லிசா சிம்ப்சன்' என்பது மட்டும்தான் சீட்டில் இருக்கும். அப்பாவைக் குரங்கு என்று திட்டிய பெண்ணை அந்த அப்பாவே குரங்குபோலச் செய்து சிரிக்கவைக்கும் இடத்தில் என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஆசிரியருக்குக் குரல் கொடுத்தவர் டஸ்டின் ஹாஃப்மன். டைட்டிலில் 'சாம் எடிக்' என்றுதான் இருக்கும். அவர் தன் பெயரைத் தானே மறைத்துக்கொண்டார், சரி. நாங்கள் பதினான்கு மாதம் உழைத்த ஒரு தொடர் டிவியில் வந்தபோது, கடைசியில் பெயர்கள் ஓடும் பகுதியை மூலையில் சுருக்கிவிட்டு அடுத்த நிகழ்ச்சியின் விளம்பரத்தைப் போட்டார்கள். அம்மா பக்கத்து வீட்டாரையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்.

"எங்கடா உன் பேரு?"

"வேகமா போயிடுச்சும்மா" என்றேன்.