தீவாக நின்ற கலிபோர்னியா

கேள்வி: வெளிநாட்டுப் பழைய புத்தகக் கடை ஒன்றில் வட அமெரிக்க நிலப்படம் ஒன்றை வாங்கினேன். 1690-களில் அச்சானது என்றார் கடைக்காரர். ஆனால் அதில் கலிபோர்னியா தனித் தீவாக மிதக்கிறது. இவ்வளவு பெரிய பிழை இருப்பதால் படம் போலியாக இருக்குமோ?
– சேலம் வாசகர்

பதில்: அந்தப் பிழையை மட்டும் வைத்துப் படத்தைத் தள்ளிவிடாதீர்கள். 17-ஆம் நூற்றாண்டில் அச்சான வட அமெரிக்கப் படங்கள் பலவற்றில் கலிபோர்னியா தீவாகத்தான் இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பியர்கள் முதலில் இதைச் சரியாகவே அறிந்திருந்தார்கள். 1539-இல் ஸ்பானியக் கடலோடி பிரான்சிஸ்கோ தெ உல்லோவா, கலிபோர்னியாவுக்கும் மெக்சிகோ பெருநிலத்துக்கும் இடையிலுள்ள வளைகுடாவின் வடகோடிவரை கப்பலில் சென்று, அங்கே கடல் முடிந்துவிடுவதைக் கண்டார். 1570-இல் வெளிவந்த, நிலப்பட வரைஞர் ஆர்டீலியசின் நிலப்படத் தொகுப்பும் அதைத் தீபகற்பமாகவே வரைந்தது. 1602-இல் புறப்பட்ட ஸ்பானியக் கடலோடி விஸ்கைனோவின் கடற்பயணத்தில் உடன் சென்ற அந்தோனியோ தெ லா அசென்சியோன் என்ற துறவி, பின்னாளில் அது தீவுதான் என்று வாதிட்டார். மடக்கைக் கணக்கில் பெயர்பெற்ற ஹென்றி பிரிக்ஸ், 1625-இல் லண்டனில் வெளியான தம் படத்தில், டச்சுக்காரர்கள் கைப்பற்றிய ஸ்பானிய வரைபடம் ஒன்றின்படி அது தீவு என்று தெரியவந்திருப்பதாகக் குறிப்பே எழுதிவைத்தார். இப்படி, புதிய செய்தி என்ற பெயரில் வந்த தவறு பழைய உண்மையை ஓரங்கட்டிவிட்டது. செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தைத் திருத்துவது செலவு பிடிக்கும் வேலை என்பதால், பதிப்பாளர்கள் இருக்கும் தகட்டையே மீண்டும் மீண்டும் அச்சிட்டதும் அந்தத் தவறு நிலைக்க ஒரு காரணம்.

கினோ என்ற ஏசு சபைப் பாதிரியாருக்கு, உள்நாட்டில் வாழ்ந்த பழங்குடியினர் நீலநிறச் சிப்பிகளைப் பரிசளித்தார்கள். அத்தகைய சிப்பிகளை அவர் கலிபோர்னியாவின் மேற்குக் கரையில்தான் முன்பு பார்த்திருந்தார். நிலவழியாக வந்து சேராமல் அவை எப்படி வந்திருக்கும் என்று யோசித்த அவர், 1701-இல் கொலராடோ ஆற்றைக் கடந்து சென்று பார்த்தார். நிலவழியைக் காட்டும் அவருடைய படம் 1705-இல் பாரிசில் அச்சானது. அதன் பிறகும் தீவுப் படங்கள் நிற்கவில்லை. 1747-இல் ஸ்பெயின் மன்னர் ஆறாம் ஃபெர்டினாந்து, கலிபோர்னியா தீவன்று என்று ஆணையே பிறப்பிக்க வேண்டியிருந்தது.

கேள்வி: அப்படியானால் என் படம் அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: தாளைப் பாருங்கள். செப்புத் தகட்டை ஈரத்தாளில் அழுத்தி அச்சிடுவதால், படத்தைச் சுற்றிலும் தகட்டின் விளிம்பு பதிந்த மெல்லிய பள்ளம் பெரும்பாலும் விரலுக்குத் தட்டுப்படும். வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தால் கையால் செய்த தாளின் கோடுகள் தெரியும். உருப்பெருக்கியில் படத்தின் அச்சுக் கோடுகள் சிறுசிறு புள்ளிகளாக உடைந்தால் அது அண்மைக்கால நகல். வண்ணத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்: அக்காலத்தில் கறுப்பில் அச்சிட்டபின் கையால்தான் வண்ணம் தீட்டினார்கள் என்றாலும், விற்பனைக்காக அண்மையில் தீட்டப்பட்டவையும் சந்தையில் நிறைய உண்டு. நானாக இருந்தால், புதிதாகப் பூசிய படத்தைவிட வண்ணமே இல்லாத படத்தைத்தான் வாங்குவேன். சட்டமிட்டு மாட்டுவதாக இருந்தால், வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள்.