குதிகாலில் கருந்திட்டு: செயலி சொன்னால் போதுமா?

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு. அப்பாவுக்கு 61 வயது. குதிகாலில் ஒரு கருந்திட்டு, ஒரு வருடமாகப் பெரிதாகிக்கொண்டே வருகிறது. ஆணி என்று நினைத்து எருக்கம்பால் வைத்தார். ஓசூரில் இருக்கும் தம்பி செல்போன் செயலியில் படம் எடுத்துப் பார்த்தான், ‘ஆபத்து குறைவு’ என்று வந்தது. டாக்டரோ பயாப்சி, அதாவது சதையை வெட்டியெடுத்துச் சோதிப்பது, செய்ய வேண்டும் என்கிறார். புற்றுநோயாக இருந்து கத்தி பட்டால் பரவிவிடும் என்று அப்பா பயப்படுகிறார். ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடாதா?

பதில்: தெரியாது. பயாப்சிக்குச் சம்மதியுங்கள். எருக்கம்பாலை இன்றோடு நிறுத்துங்கள். மேல்தோலைப் பொசுக்கி, டாக்டர் பார்க்க வேண்டிய அடையாளங்களையே அது கெடுத்துவிடும்.

மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் நம் ஊரில் அரிது. வந்தால் பெரும்பாலும் பாதம், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடங்களில்தான் வரும். தம்பியின் செயலி சறுக்கக்கூடிய இடமும் அதுதான். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1,29,450 படங்களைக் கொண்டு பழக்கிய கணினி, 21 தோல் மருத்துவர்களுக்கு ஈடாகக் கணித்தது உண்மைதான். ஆனால் இத்தகைய மென்பொருள்கள் படித்த படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல். கறுத்த தோலில் அவை தடுமாறுவதைப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. ‘ஆபத்து அதிகம்’ என்று வந்திருந்தால் உடனே ஓடியிருப்பீர்கள். ‘குறைவு’ என்று வந்ததுதான் எனக்குக் கவலை.

டாக்டர் கையில் உள்ள டெர்மாஸ்கோப் வேறு ரகம். சுமார் பத்து மடங்கு பெரிதாக்கி, தோலின் பளபளப்பை விலக்கிக் காட்டும் கைக்கருவி. உள்ளங்காலில் ஏர் ஓட்டிய நிலம் போல மேடும் பள்ளமுமாக ரேகைகள் இருக்கும். சாதாரண மச்சத்தில் கருநிறம் பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும். மெலனோமாவில் மேட்டில் ஓடும். ஜப்பானிய மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்த அடையாளம் இது. மேட்டில் நிறம் தெரிந்தாலோ, திட்டு 7 மில்லிமீட்டருக்கு மேல் இருந்து பள்ள ஓட்டம் தெளிவாக இல்லாவிட்டாலோ பயாப்சி அவசியம். முள் குத்தி உள்ளே உறைந்த ரத்தமா என்பதையும் பெரும்பாலும் இதிலேயே பிரித்துவிடலாம். எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டுவதும் இந்தக் கருவிதான்.

சரி, ரத்தம்? எல்டிஹெச், எஸ்100பி என்று ரத்தத்தில் அளந்து பார்க்கும் சில புரதங்கள் உண்டு. அவை பொதுவாக நோய் பரவிய பிறகுதான் ஏறும். ஆரம்பத்தில் சரியான அளவே காட்டும், அதை நம்பி வீட்டிலிருந்துவிடக் கூடாது. ‘ஸ்கேன் எடுத்தால் தெரியுமே’ என்று அடுத்து யாராவது சொல்வார்கள். பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அது.

கத்தி பட்டால் பரவும் என்பதற்கு ஆதாரமில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, சிறிய திட்டு என்றால் முழுதாகவும், பெரியது என்றால் சந்தேகமான பகுதியையும் எடுப்பார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவுக்குப் போங்கள். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

மெலனோமா என்றே வந்தால், கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று அறிக்கையில் பாருங்கள். மேற்கொண்டு சிகிச்சையை முடிவு செய்வதில் அந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்புறம், சதையை மெழுகில் பதித்த ‘பிளாக்’கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி வையுங்கள். பிராஃப், கிட் என்னும் மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க அதே பிளாக் போதும். புற்றுநோய் சிகிச்சைக்குப் பெங்களூரு போனாலும் சென்னை அடையாறு போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.