அப்பப்பா பட்டாளத்தில் இருந்தவராம்: வன்னியிலிருந்து சில கேள்விகள்

மாங்குளத்திலிருந்து: ஐயா, அப்பப்பாவின் ட்ரங்குப் பெட்டியில் ஆறு முனை நட்சத்திரப் பதக்கம் ஒன்று கிடக்கிறது. ஆபிரிக்கா என்று இங்கிலீசில் இருக்கிறது, பெயரைக் காணவில்லை. அவருடையதுதானா?

பதில்: முதலில் அதைப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள் தம்பி. இரண்டாம் உலக யுத்தத்து நட்சத்திரங்களைப் பிரித்தானியர் பெரும்பாலும் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். முதலாம் யுத்தத்து வெள்ளிப் பதக்கம் என்றால் விளிம்பில் இலக்கமும் பெயரும் இருக்கும். உங்களுடையது 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை வட ஆபிரிக்கப் பக்கம் பணியில் நின்றவர்களுக்கானது. அங்கே ஒரு நாள் நின்றாலே போதும். அதனால் துவக்கோடு சண்டை பிடித்தார் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. லொறி ஓடினவருக்கும் சமைத்தவருக்கும் இதே நட்சத்திரம்தான்.

நெடுங்கேணியிலிருந்து: பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் பட்டியலில் பூட்டனாரைத் தேடினேன். பெயரே இல்லை.

பதில்: அந்தப் பட்டியலில் இறந்தவர்கள் மட்டும்தான். உயிரோடு வீடு வந்தவரை அங்கே தேடி என்ன செய்வது? பிரித்தானியப் படையில் சேர்ந்தவர்களின் சேவைக் கோவைகள் 2022 முதல் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. தேடும்போது தகப்பன் பெயரையும் சொந்தப் பெயரையும் இடம் மாற்றிப் பாருங்கள். எழுதின கிளார்க் எதைக் குடும்பப் பெயராக எடுத்தாரோ!

விசுவமடுவிலிருந்து: 2009 யுத்தத்தில் எல்லாம் போய்விட்டது. ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. பெரியத்தை பிறந்தது 1939, அப்பா 1946 என்பது மட்டும் தெரியும். அப்பப்பாவைத் தேட எங்கே தொடங்குவது?

பதில்: பிள்ளை, உங்கள் பிறப்புச் சான்றிதழிலேயே தொடங்குங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவரது முழுப்பெயர், பிறந்த வருடம், இடம் எழுதும் கட்டம் ஒன்று அதில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கும் அடையாள அட்டைக்கும் கொடுப்போமே தவிர யாரும் அதை வாசிப்பதில்லை. சான்றிதழே தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். உள்ளூர்ப் பதிவு எரிந்துபோயிருந்தாலும் விட்டுவிட வேண்டாம், கொழும்பில் பதிவாளர் நாயகத்திடம் இன்னொரு பிரதி இருக்க இடமுண்டு. அத்தைக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஏழு வருடம் என்கிறீர்கள். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியது 1939இல், முடிந்தது 1945இல். அந்த இடைவெளியை நான் சும்மா விடமாட்டேன். இடையில் பிறந்து தவறிய பிள்ளை இருந்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் பக்குவமாகக் கேளுங்கள். இல்லை என்றால், அப்பப்பா வீட்டில் நிற்காத காலம் ஓரளவு பிடிபட்டுவிடும். அப்புறம் பதக்கம், படம் எது கிடைத்தாலும் அந்தக் காலத்தோடு பொருத்திப் பார்க்கலாம்.

கிளிநொச்சியிலிருந்து: பட்டாளத்தில் இருந்ததற்காகத்தான் அப்பப்பாவுக்கு அரசாங்கத்தின் பெர்மிட் காணி கிடைத்தது என்கிறார்கள். சரியா?

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் காணியில்லாத எத்தனையோ குடியானவர்களுக்குப் பெர்மிட் கொடுத்தார்கள். பிரதேச செயலகக் காணிக் கிளையில் பேரேட்டைப் பார்க்கக் கேளுங்கள். தனக்குப் பிறகு காணிக்கு உரியவராக, அதாவது பின்னுரித்தாளராக, அப்பப்பா யாரை நியமித்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூத்தவனை விட்டு இளையவனுக்கு எழுதியிருந்தால், அதற்கான காரணம் ஊரில் யாருக்காவது தெரிந்திருக்கும்.