புல எண் எங்கே? ஊர்த் திட்டமிடல் பற்றிக் கேள்வி பதில்

நகர் ஊரமைப்புத் துறையில் வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது திருநெல்வேலி பேட்டையில் இருக்கிறேன். கூப்பிடுகிற ஊர்களுக்குப் போய், கிராமசபைக்கு முன்னால் அந்த ஊர்க்காரர்களே தங்கள் ஊருக்கு வரைபடம் போட உதவுகிறேன். நம் ஊரில் எது வரலாம், எது வரக்கூடாது, எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று நாமே முடிவெடுப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். மனை அங்கீகாரம், பட்டா மாறுதல் இரண்டும் வேறு விஷயம், அதற்கு இங்கே பதில் கிடையாது.

கேள்வி (மானூர் பக்கம்): அக்கா, எங்கள் கிராமசபையில் எழுதி வைத்ததை வாசிக்கிறார்கள், கையெழுத்து வாங்குகிறார்கள், முடிந்தது. நாங்கள் சொல்வது எதுவும் திட்டமாக வருவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கூட்டத்தன்று தொடங்கினால் வராது தம்பி, ஒரு மாதம் முன்னால் தொடங்க வேண்டும். நாள்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் அக்டோபர் 2-ஐ விட்டுவிடாதீர்கள். அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை அந்தச் சமயத்தில்தான் கையில் எடுக்கிறார்கள். அதில் ஏறாத வேலைக்கு அப்புறம் பணம் தேடுவது பெரும்பாடு.

முதலில் கிராம வரைபடத்தையும், எந்த நிலம் என்ன வகை, யாருடையது என்று சொல்கிற அ-பதிவேட்டையும் வாங்குங்கள். வரைபடத்தைப் பெரிதாக நகல் எடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு நடங்கள். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற மறுகாலில் தொடங்கித் தண்ணீர் போகிற வழியிலேயே நடக்கச் சொல்வது என் வழக்கம், ஏனென்றால் நம் பக்கத்தில் ஊர் அமைந்ததே தண்ணீரை வைத்துத்தான். ஆடு மேய்க்கிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், எந்த ஓடை எங்கே அடைபட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிகிற மாதிரி யாருக்கும் தெரியாது. தண்ணீர் எடுக்கப் போகிற பெண்களைக் கேளுங்கள். ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிற தெருவுக்கும், அவர்களுடைய மயானப் பாதைக்கும் கட்டாயம் போங்கள். அந்தத் தெருவை விட்டுவிட்டுப் போட்ட படத்தை ஊர்ப் படம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அப்படிப்பட்ட கூட்டத்துக்கு மறுபடி போகவும் மாட்டேன்.

பார்த்ததை எல்லாம் படத்தில் குறித்த பிறகு தீர்மானம் எழுதுங்கள், அதில் புல எண் (சர்வே நம்பர்) இருக்க வேண்டும். ‘ஓடையைத் தூர்வார வேண்டும்’ என்று எழுதினால் யாருக்கும் எந்த வேலையும் இல்லை. ‘இன்ன புல எண்ணில் உள்ள ஓடையில், அம்மன் கோயில் முதல் பாலம் வரை அடைப்பை எடுக்க வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள், மதிப்பீடு போட ஓவர்சியர் அந்த இடத்துக்கு வந்துதான் ஆகவேண்டும்.

கோரம், அதாவது கூட்டத்துக்குக் குறைந்தது எத்தனை பேர் வரவேண்டும் என்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். அத்தனை பேர் வராமல் நடந்த கூட்டத்தை யார் வேண்டுமானாலும் செல்லாது என்று சொல்லலாம். அப்புறம், தீர்மானம் எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி (சங்கர்நகர்): நான் வாங்கிய பிளாட்டுக்கு அப்ரூவல் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது மேடம்?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன். உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி (இங்கிலாந்தில் வசிக்கும் வீரவநல்லூர்க்காரர்): இங்கே எங்கள் பகுதி மக்களே சேர்ந்து அக்கம்பக்கத் திட்டம் போட்டோம், வாக்கெடுப்பும் நடந்தது. நம் ஊரில் அப்படி ஏன் இல்லை?

பதில்: நல்ல கேள்வி, மற்றவர்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். இங்கிலாந்தில் 2011-ல் வந்த உள்ளாட்சி அதிகாரச் சட்டத்தின்படி ஒரு பகுதி மக்கள் தங்களுக்கென்று நிலப் பயன்பாட்டுத் திட்டம் எழுதலாம். கிராமக் கவுன்சில் இருந்தால் அது எழுதும், இல்லாத இடத்தில் குறைந்தது 21 பேர் சேர்ந்து ஒரு மன்றம் அமைக்கலாம். சுயேச்சையான ஒருவர் அதைப் பரிசோதிப்பார். பிறகு வாக்கெடுப்பு, பாதிக்கு மேல் ‘சரி’ என்றால் அது சட்டப்படியான திட்டத்தில் ஒரு பகுதி. அதன் பிறகு கட்டட அனுமதி கொடுக்கிற அதிகாரி அதை ஒதுக்கிவிட்டு முடிவெடுக்க முடியாது. முதல் வாக்கெடுப்பு 2013-ல் கும்ப்ரியாவில் அப்பர் ஈடன் பகுதியில் நடந்தது. புதுக் கட்டுமானத்தின் மேல் விதிக்கிற வரியில் அந்தப் பகுதிக்கு 15 சதவீதம் கிடைக்கும், திட்டம் வைத்திருந்தால் 25. அதே சமயம், மேல்மட்டத் திட்டம் இத்தனை வீடு வரவேண்டும் என்றால் அதைக் குறைக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ‘எங்கள் ஊருக்கு எதுவுமே வேண்டாம்’ என்று எழுத முடியாது.

நம்மிடம் அந்த வாக்கெடுப்பு இல்லை, உண்மைதான். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்து, ஊர் ஊராக உட்கார்ந்து திட்டம் எழுதச் சொன்னார்கள். செங்கோட்டையைத் தாண்டினால் அந்த ஊர்கள்தான். நம்மிடம் கிராமசபை இருக்கிறது, 1994 ஊராட்சிகள் சட்டம் இருக்கிறது, 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தில் ஆட்சேபம் சொல்லும் உரிமை இருக்கிறது. இருப்பதை முழுசாகப் பயன்படுத்திவிட்டு இல்லாததைக் கேட்போம் என்பது என் கட்சி.

கேள்வி (பாளையங்கோட்டை): நாங்கள் மாநகராட்சி. எங்களுக்குக் கிராமசபை கிடையாதே அக்கா?

பதில்: பகுதி சபை இருக்கிறது. 2022 நவம்பர் 1-ல் நகர்ப்புறங்களில் அந்தக் கூட்டங்கள் நடந்தன. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் அடுத்த கூட்டம் எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். அதைவிடப் பெரிய வாய்ப்பு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்). 1971 சட்டத்தின்படி வரைவுத் திட்டத்தை அறிவித்தால் ஆட்சேபமும் ஆலோசனையும் சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தரவேண்டும். அறிவிப்பைப் பலர் கவனிப்பதே இல்லை. தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வரைவுப் படத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள், அந்த இடம் எதற்கு என்று நிறம்தான் சொல்லும். பாளையங்கால்வாயோ நெல்லைக் கால்வாயோ பக்கத்தில் ஓடினால், அதன் இரு கரையும் படத்தில் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆட்சேபத்தில் புல எண்ணும் நகல் படமும் வைத்து ஒப்புகை வாங்குங்கள். ‘எங்கள் பகுதி பாதிக்கப்படும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிய கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்ததை அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன், அவற்றை வைத்து வரைபடத்தில் ஒரு கோட்டைக்கூட மாற்ற முடியாது.

கேள்வி (கே.டி.சி. நகர்): எங்கள் லேஅவுட்டில் பூங்காவுக்கு விட்ட இடத்தில் முள்ளுச்செடிதான் இருக்கிறது. இப்போது யாரோ கம்பி வேலி போடுகிறார்கள்.

பதில்: இன்றைக்கே உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாகத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். அங்கீகரித்த லேஅவுட் படத்தின் நகலையும் அந்தத் தானப்பத்திரத்தையும் கேளுங்கள். பத்திரம் பதிவாகியிருந்தால் அது உங்கள் எல்லோருடைய இடம், வேலியை எடுக்கச் சொல்லி உள்ளாட்சியிடம் மனு கொடுங்கள். பதிவாகவே இல்லை என்றால் முதல் வேலை அதைப் பதிவு செய்யவைப்பது. இடம் கைக்கு வந்த பிறகு வேலிக்கும் செடிக்கும் நமக்கு நாமே திட்டத்தில் கேட்கலாம், பல வேலைகளுக்கு மூன்றில் ஒரு பங்கை மக்கள் போடவேண்டியிருக்கும்.

கேள்வி (தச்சநல்லூர்): மேடம், அன்அப்ரூவ்டு மனையை வரன்முறைப்படுத்த இன்னும் முடியுமா?

பதில்: 2017 விதிகளைப் பாருங்கள், 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானதா என்பதுதான் முதல் கேள்வி. மனை பற்றி இனிக் கேட்காதீர்கள். இது ஊரைப் பற்றிய பேச்சு.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர், குளத்தை ஒட்டிய புது நகர்): எங்கள் நகரில் நிறைய வீடு வந்துவிட்டது. குளத்தங்கரையில் நடைபாதையும் விளக்கும் கேட்டுத் தீர்மானம் போடப் போகிறோம். குளம் நிறைந்தால் எங்கள் கடைசித் தெருவுக்குள் தண்ணீர் வருகிறது, மறுகாலை ஒரு அடி குறைக்கவும் சேர்த்துக் கேட்கலாமா?

பதில்: நடைபாதையைக் கேளுங்கள். மறுகாலில் கைவைக்காதீர்கள்.

அதே குளத்து ஆயக்கட்டுக்காரர் (அந்தக் குளத்துப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்): அக்கா, இவர்கள் நடைபாதை என்று தொடங்குவார்கள், அப்புறம் மடையைத் திறக்கப் போக எங்களுக்கு வழி இருக்காது. குளத்துக்குள்ளே வீட்டைக் கட்டிவிட்டுத் தண்ணீர் வருகிறது என்றால் எப்படி?

புது நகர்க்காரர்: நாங்கள் குளத்துக்குள் கட்டவில்லை. பட்டா நிலம், அப்ரூவல் வாங்கிய மனை. இவர்கள் எதைச் சொன்னாலும் வேண்டாம் என்கிறார்கள்.

மானூர் பக்கம்: எல்லாவற்றுக்கும் ‘அன்று’ (அப்படி இல்லை) என்று மறுத்துச் சபையைத் தடுத்தால் ஐந்து காசு தண்டம் என்று எங்கள் ஊர்க் கல்வெட்டிலேயே இருக்கிறது!

பதில்: அந்தக் கல்வெட்டு ஏறத்தாழ 1,200 வருஷத்துக்கு முந்தையது, ஊர்ச்சபைக்கு விதி எழுதியவர்கள் நம் பக்கத்துக்காரர்கள் என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தச் சபையில் உட்கார நிலம் வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். இன்றைக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஆயக்கட்டுக்காரருக்கும் நேற்று குடிவந்தவருக்கும் ஒரே உரிமை. அதனால் தண்டம் போடுகிற பேச்சு வேண்டாம், கணக்குப் பேசுவோம்.

100 ஏக்கர் நீர்ப்பரப்பு உள்ள குளத்தில் மேல்மட்டத்தில் ஒரு அடி என்றால் 43 லட்சத்து 56 ஆயிரம் கன அடித் தண்ணீர். அது பிசானப் பருவத்து நெற்பயிரின் கடைசி நனைப்பு. அதைக் குறைத்தால் கதிர் வருகிற நேரத்தில் வயல் காயும், உங்கள் நகரின் போர்வெல்லும் கீழே போகும். கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வருவதற்குக் காரணம் மறுகால் உயரமாக இருப்பதா, மறுகாலுக்குக் கீழே ஓடை அடைபட்டிருப்பதா என்று யாராவது போய்ப் பார்த்தீர்களா? நான் போன ஊர்களில் பெரும்பாலும் ஓடைதான் அடைபட்டிருந்தது. 2023 டிசம்பர் 17, 18-ல் கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையே தண்ணீர் சூழ்ந்ததைப் பார்த்தோம். வழி இல்லாத தண்ணீர் பட்டா பார்த்து வராது.

புது நகர்க்காரர்: அப்படியானால் அப்ரூவல் கொடுத்தவர்கள் மேல் தப்பில்லையா?

பதில்: அந்த இடத்தில் கொடுத்திருக்கக் கூடாது என்றால் தப்புத்தான், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கு ஆயக்கட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆயக்கட்டுக்காரர்: விளக்குப் போட்டால் கரையில் ராத்திரி குடிக்க வருவார்கள்.

பதில்: இருட்டிலும் வருகிறார்கள் அண்ணாச்சி. இரண்டு பேரும் கேளுங்கள். அந்தக் குளம் யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். அவர்கள் ஒப்புதல் இல்லாமல் கரையில் ஒரு கல்லும் பதிக்கக் கூடாது. நடைபாதை கரையின் மேல் மட்டும் வரட்டும், உள்பக்கம் மண் கொட்டி அகலப்படுத்தக் கூடாது, ஒவ்வொரு மடைக்கும் இறங்கும் வழி விட வேண்டும், மறுகாலை ஒட்டி எந்தக் கட்டுமானமும் வேண்டாம். இந்த நான்கையும் ஓடை அடைப்பு எடுக்கும் வேலையையும் ஒரே தீர்மானமாக, புல எண்ணோடு, இரண்டு தரப்பும் முன்மொழிந்து வழிமொழியுங்கள்.

கேள்வி (ராதாபுரம் பக்கம்): கல்குவாரி வேண்டாம் என்று கிராமசபையில் தீர்மானம் போட்டால் நிற்குமா?

பதில்: அது மட்டும் போதாது. சுற்றுச்சூழல் அனுமதிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவதாக இருந்தால் 30 நாள் முன்னறிவிப்பு வரவேண்டும், அதில் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். வீடு, கிணறு, குளம் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று அளந்து படமாக வையுங்கள். தீர்மான நகலை அதோடு இணையுங்கள்.

கேள்வி (பாபநாசம்): மலையில் இருக்கும் காணிப் பழங்குடி மக்களுக்கும் இதே முறைதானா?

பதில்: அவர்களுக்கு 2006 வன உரிமைச் சட்டம் தனி. அதில் உரிமைக் கோரிக்கையைத் தொடங்குவதே கிராமசபைதான், நம்மைவிட வலுவான இடம். அந்தச் சட்டத்தோடு வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள், என் அனுபவம் சமவெளி.

கேள்வி (நாங்குநேரி): பெண்கள் கூட்டத்துக்கு வருகிறார்கள், ஆனால் பேசுவதில்லை.

பதில்: முந்தின நாள் சாயங்காலம் மகளிர் குழுவைத் தனியாக உட்காரவைத்து அந்த வரைபடத்தில் அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். இருட்டாக இருக்கிற பாதை, குழாயில் தண்ணீர் வராத தெரு, பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிற வெயில், எல்லாம் அங்கே வந்துவிடும். மறுநாள் அந்தப் படத்தை விரித்துப் பேசுவது அவர்களில் ஒருவராக இருக்கட்டும். ஒன்று கவனியுங்கள். 2021–26-க்கான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டிவைக்கப்பட்டது. ஆண்கள் எழுந்தால் சிமெண்ட் ரோடு கேட்கிறார்கள், பெண்கள் கேட்பதற்குத்தான் பணம் ஒதுக்கியிருந்தது.

கேள்வி (முக்கூடல்): பட்டாவில் பெயர் மாற…

பதில்: இ-சேவை மையம்.

கேள்வி (களக்காடு பக்கம்): தீர்மான நகல் கேட்டால் செயலர் தரமாட்டேன் என்கிறார்.

பதில்: 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள், 30 நாளில் பதில் தரவேண்டும். கூட்டம் நடந்த தேதியை எழுதி, ‘அன்றைய தீர்மானப் புத்தகப் பக்கங்களின் சான்றிட்ட நகல், வருகைப் பதிவின் நகல்’ என்று இரண்டையும் கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுதி முடித்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், எல்லோர் எதிரிலும் சத்தமாக வாசிக்கச் சொல்லி அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.