கக்கூஸ் குழியில் மருந்து பாட்டில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில், ஃபிலடெல்ஃபியாவில் பழைய வீடுகளின் கொல்லைப்புறத்தில் தூர்ந்துபோன கழிப்பறைக் குழிகளைத் தோண்டிப் பாட்டில் எடுக்கும் என் பொழுதுபோக்கைப் பற்றி எழுதியிருந்தேன். மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற மதுரைக்காரிக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டுச் சில கடிதங்கள் வந்தன. அவற்றை என் கணவரிடம் கொடுத்துவிட்டேன், மகிழ்ச்சியாகப் படித்துக்கொண்டிருக்கிறார். மற்றவற்றுக்கு இங்கே பதில்.

அம்மா, குப்பையை வேறெங்கும் கொட்டாமல் போயும் போயும் கழிப்பறைக் குழியிலா போட்டார்கள்? – வாசகி, கோயம்புத்தூர்

கொட்ட வேறு இடம் இல்லை. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்கள். நகராட்சி வண்டி வந்து குப்பையை அள்ளிச் செல்லும் வழக்கம் அமெரிக்க நகரங்களில் பரவியதே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ஆனால் ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் ஒரு குழி இருந்தது. ஃபிலடெல்ஃபியாவில் அது நம் ஊர் உறைகிணறு போல வட்டமாக இருக்கும். சாந்து பூசாமல் செங்கல்லை அடுக்கியிருப்பார்கள், நீர் மண்ணில் கசிந்து இறங்க வேண்டும் என்பதற்காக. சில குழிகள் இருபது அடியையும் தாண்டும். உடைந்த தட்டு, கிழிந்த செருப்பு, காலி பாட்டில் எல்லாம் அதற்குள் போயின. பிறகு குழாய்ச் சாக்கடை வந்ததும், குழியை மூடுவதற்காக வீட்டில் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் கொட்டி நிரப்பினார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்குப் பிடித்ததும் அதுதான். யாருக்கும் தெரியக்கூடாத பொருளைப் போடுவதற்கு அதைவிட நல்ல இடம் வீட்டில் கிடையாது. கதவைச் சாத்திக்கொள்ளலாம், போட்டதை யாரும் தேடி எடுக்கப் போவதில்லை. பிட்ஸ்பர்க்கில் தயாரான ஹாஸ்டெட்டர்ஸ் பிட்டர்ஸ் பாட்டில்களைப் பாருங்கள். சதுர வடிவம், தேன் நிறத்திலோ கறுப்புக்குப் பக்கத்திலோ கண்ணாடி, வயிற்று மருந்து என்று பெயர். உள்ளே இருந்தது விஸ்கிக்கு நிகரான சாராயம். மதுவிலக்குக் கூட்டத்துக்குப் போய்வந்த குடும்பத்தலைவரும் தலைவியும் இதை மனச்சாட்சி உறுத்தாமல் கரண்டியில் ஊற்றிக் குடித்தார்கள். உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படைக்குக்கூட இது போனது.

அதைவிட அடிக்கடி சல்லடையில் வருவது, விரல் பருமனில் வெளிர்நீல நிறத்தில் ஒரு சின்ன பாட்டில்: மிஸஸ் வின்ஸ்லோஸ் சூத்திங் சிரப். பல் முளைக்கும் குழந்தையின் அழுகையை நிறுத்தும் மருந்து, 1849 முதல் விற்பனையில் இருந்தது. அதில் இருந்தது மார்ஃபின். அழுகை நிற்காமல் என்ன செய்யும்? சில குழந்தைகள் மறுபடி எழுந்திருக்கவே இல்லை. 1906இல் வந்த உணவு, மருந்துச் சட்டம், ஓபியம், மார்ஃபின், சாராயம் எவ்வளவு இருக்கிறது என்று சீட்டில் அச்சிட வேண்டும் என்றது. அதற்கு முன்பு தாய்மார்களுக்குத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. மருந்துச் சீட்டைப் படித்துப் பிழைத்தவள் நான். ஒரே குழியில் இந்த பாட்டில்கள் கைநிறையக் கிடைத்தால் அந்த வீட்டில் எத்தனை குழந்தைகள் என்று எண்ணத் தொடங்கிவிடுவேன்.

நாற்றம்? நோய்? – வாசகர், திருச்சி

நூறு வருடத்தில் எல்லாம் மண்ணாகிவிடுகிறது. மழைக்குப் பிறகு தோட்டத்தைக் கிளறினால் வரும் வாசனைதான் பெரும்பாலும். ஈரம் தங்கிய ஆழத்தில் மட்டும் கொஞ்சம் முகம் சுளிக்க வேண்டிவரும். மேலே மூடுவதற்குப் போட்ட மண்ணும் செங்கல்லும், அதன் கீழ் சாம்பலும் நிலக்கரிக் கசடும், எல்லாவற்றுக்கும் அடியில் கறுத்த, மெத்தென்ற ஓர் அடுக்கு. அந்த அடுக்கில் ராஸ்ப்பெரி விதையும் தக்காளி விதையும் கொத்துக்கொத்தாக வந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று பொருள். அவை எந்த வழியாக வந்தன என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதே மண்ணை நுண்ணோக்கியில் பார்த்து உருண்டைப் புழுவின் முட்டைகளைக் கண்டுபிடிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளாமல் யாரையும் எங்கள் குழு பக்கத்தில் சேர்ப்பதில்லை. கிருமியைவிட உடைந்த கண்ணாடிக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

குழி எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? – வாசகர், சிவகாசி

தீக்காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். 1867இல் தொடங்கிய சான்பார்ன் நிறுவனம், எந்த வீடு எளிதில் தீப்பிடிக்கும் என்று கணக்கிடுவதற்காக அமெரிக்க ஊர்களை வீடு வீடாக வரைபடமாக்கியது. செங்கல் வீட்டுக்கு இளஞ்சிவப்பு, மர வீட்டுக்கு மஞ்சள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையப் பக்கத்தில் இவற்றை இலவசமாகப் பார்க்கலாம். அதில் பழைய மனை எல்லையைப் பிடித்துக்கொண்டால், குழி பெரும்பாலும் மனையின் கடைக்கோடியில், பக்கத்து வீட்டு எல்லையை ஒட்டி இருக்கும்.

அதன் பிறகு கம்பி. ஆளுயர எஃகுக் கம்பி, மேலே குறுக்காக ஒரு கைப்பிடி. தொடாத மண்ணில் அது முரண்டு பிடிக்கும். குழியின் மேல் குத்தினால் இறங்கிக்கொண்டே போகும்; சாம்பலில் நறநறக்கும், கண்ணாடியில் பட்டால் கையில் ஒரு சிலிர்ப்பு. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் இருக்கிறார். கம்பி எதில் இடித்தது, செங்கல்லா வேரா ஓடா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தோண்டுவதற்கு முன் 811 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்தால், எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் போகும் தடத்தை இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள். அதைச் செய்யாதவருடன் நான் போவதில்லை.

அம்மா, உங்கள் கட்டுரையைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. இங்கே மலக்குழியில் இறக்கப்பட்டு மனிதர்கள் சாகிறார்கள். அங்கே அதே குழியில் விளையாட்டுக்கு இறங்குகிறீர்களா? – வாசகி, தேனி

கோபம் நியாயமானது. நம் ஊர் செப்டிக் டேங்கில் இறங்குபவரைக் கொல்வது அங்கே புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற வாயுக்கள். நாங்கள் தோண்டும் குழி பயன்பாட்டை விட்டுப் பல தலைமுறை ஆகிறது. ஆனால் நீங்கள் கேட்டது வேதியியல் கேள்வி இல்லையே. எங்கள் குழுவில் இறங்குபவர் விரும்பி இறங்குகிறார், பிடிக்காவிட்டால் ஏறி வீட்டுக்குப் போகலாம். தேனியிலோ சென்னையிலோ இறக்கப்படுபவர் எந்தச் சாதியில் பிறந்தார் என்பதைக் கேட்காமலே சொல்லிவிடலாம். 1993இலும் 2013இலும் தடைச் சட்டம் போட்ட பிறகும் நிலைமை அப்படித்தான் இருக்கிறது.

இதைச் சார்ந்து, காரைக்குடி வாசகர் ஒருவர், தன் பூர்விக வீட்டுக் கொல்லையைத் தோண்டினால் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருந்தார். பெரும்பாலும் கிடைக்காது. காரணமும் இதே விஷயம்தான். நம் பழைய வீடுகளில் இருந்தது எடுப்புக் கக்கூஸ். பின் சந்தில் ஒரு சின்னத் திறப்பு. அதன் வழியாக யாரோ ஒருவர் வந்து அள்ளிக்கொண்டு போனார். குழி தேவைப்படவில்லை, ஏனென்றால் குழிக்குப் பதிலாக ஒரு மனிதரை வைத்திருந்தோம். ஃபிலடெல்ஃபியாவிலும் இரவில் வண்டியோடு வந்து குழியை இறைத்த கூலியாட்கள் உண்டு. அவர்கள் நன்றாக வேலை செய்த குழியில் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

காரைக்குடிக்காரருக்கு இன்னொன்று: 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அந்தப் பத்து ரூபாயை இன்னும் யாரும் உயர்த்தவில்லை.

மண் சரிந்துவிடாதா? – வாசகர், நாகர்கோவில்

சரியும். ஒரு கன கெஜம் மண் 1,300 கிலோ வரை இருக்கும். மார்பளவு மூடினாலே மூச்சு நின்றுவிடலாம். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி, ஐந்து அடியோ அதற்கு மேலோ ஆழமான பள்ளத்துக்குப் பக்கவாட்டில் முட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது. பொழுதுபோக்குக்காரர்களை அந்த விதி கட்டுப்படுத்தாது, மண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. செங்கல் சுற்றிய குழி ஓரளவு நிற்கும். பலகை வைத்த குழியில் பலகை எப்போதோ மக்கியிருக்கும். நான் இறங்குவதில்லை. மேலே மோடா போட்டு, வாளியில் ஏறிவருவதைச் சலிப்பதுதான் என் வேலை.

ஒரு பாட்டில் எத்தனை லட்சம் போகும்? – பலர்

வின்ஸ்லோ பாட்டில் பத்து டாலர். அந்தக் காசுக்கு இங்கே இரண்டு பேர் காபி குடிக்கலாம். அரிய நிறத்தில் வந்த பழைய மதுக்குடுவைகள் ஏலத்தில் பல்லாயிரம் டாலருக்குப் போவது உண்மை. அவை எங்கள் வாளியில் வந்ததில்லை, வந்தாலும் வீட்டுக்காரருக்குத்தான் முதல் உரிமை.

தொல்லியலாளர்கள் உங்களைத் திட்டுவதாகக் கேள்விப்பட்டேன். – கல்லூரி மாணவர், சென்னை

திட்டுகிறார்கள், பாதி சரி. ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகம் கட்டும் முன் அந்த மனையை முறையாக அகழ்ந்தார்கள். குழிகளிலும் கிணறுகளிலுமாக எண்பதாயிரத்துக்கும் மேல் பொருள்கள். ஒரு கழிப்பறைக் குழியிலிருந்து சுக்கல் சுக்கலாக ஒரு பீங்கான் கிண்ணம் வந்தது. ஒட்டிப் பார்த்தால் ஒரு கப்பலின் படமும், ‘ட்ரைஃபீனா கப்பலுக்கு வெற்றி’ என்ற வாசகமும். லிவர்பூலுக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் இடையே சரக்கு ஏற்றிய கப்பல் அது. அதே குழியில் கிடந்த ஏராளமான குடிகலங்களையும் பழைய ஆவணங்களையும் சேர்த்துப் பார்த்ததில், அங்கே வாழ்ந்த ஹம்ஃப்ரீஸ் குடும்பம் உரிமம் இல்லாமல் மதுக்கடை நடத்தியது தெரியவந்தது. அந்த வீட்டு அம்மையார் 1783இல் கைதும் ஆகியிருக்கிறார். எங்களைப் போன்றவர்கள் முதலில் போயிருந்தால் முழு பாட்டில்களை எடுத்துக்கொண்டு, அந்தச் சுக்கல்களை மண்ணோடு மண்ணாகத் தள்ளி மூடியிருப்போம். அதனால்தான் எங்கள் குழுவில் அடுக்கு அடுக்காகப் படம் எடுத்து, உடைசலையும் குறித்துவைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கிறேன். என்னைக் கணக்குப்பிள்ளை என்று கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

மீதிப் பாதிக்கு என் பதில்: நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் சேரியில் 1991இல் அகழ்ந்தெடுத்த சுமார் 8,50,000 பொருள்களை உலக வர்த்தக மையத்தின் ஆறாம் கட்டடத்து நிலவறையில் வைத்திருந்தார்கள். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு மிஞ்சியவை, வேறோர் இடத்துக்கு இரவலாகப் போயிருந்த 18 மட்டும். பொருள் போனாலும் குறிப்பேடுகளும் ஆய்வறிக்கையும் இருந்ததால் அந்தச் சேரி மக்களின் வாழ்க்கை நமக்குக் கிடைத்தது. எங்கள் குழிகளோ, அடுத்த மாதம் அடுக்குமாடி கட்டுபவரின் இயந்திரம் வாரிக் கொட்டப்போகும் தனியார் மனைகள். அங்கே எந்தப் பல்கலைக்கழகமும் வரப்போவதில்லை. அரசு நிலத்தில் கை வைப்பதில்லை. கூட்டரசு நிலத்தில் நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தோண்டுவது 1979 முதல் குற்றம். எலும்பு தென்பட்டால் நிறுத்திவிட்டு அதிகாரிகளை அழைக்கிறோம். ஃபைவ் பாயின்ட்ஸில் ஒரு விலைமாதர் விடுதியின் குழியில் பச்சிளம் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன.

என் தாத்தா வீட்டுப் பரணில் ஒரு பச்சை பாட்டில். எந்தக் காலம்? – வாசகி, விழுப்புரம்

பக்கவாட்டில் ஒரு மெல்லிய தழும்புக் கோடு ஓடும்; விரலால் தடவிக்கொண்டே மேலே போங்கள். கழுத்தோடு நின்றுவிட்டால், வாயைக் கையால் செய்திருக்கிறார்கள். கோடு வாயின் விளிம்பையும் தாண்டினால் இயந்திரம் செய்தது. மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் காப்புரிமை பெற்றது 1904இல், ஆகவே உங்கள் பாட்டில் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. அடியில் சொரசொரப்பாக, கம்பியை முறித்தெடுத்த வடு இருந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள். அது 1860களுக்கும் முற்பட்டதாக இருக்கலாம்.

கோலி சோடா பாட்டில் உங்கள் குழியில் கிடைக்குமா? – வாசகர், திருநெல்வேலி

அபூர்வம். ஆங்கிலேயரான ஹைரம் காட் 1870களில் காப்புரிமை பெற்ற அந்தக் கோலி, இங்கிலாந்திலும் நம் நாட்டிலும்தான் கொடிகட்டிப் பறந்தது. அமெரிக்கர்கள் சிகாகோவின் ஹட்சின்சன் 1879இல் கொண்டுவந்த கம்பி வளைய அடைப்பானைப் பிடித்துக்கொண்டார்கள். 1892இல் பால்டிமோரில் வந்த தகர மூடி, போகப்போக இரண்டையுமே ஓரங்கட்டிவிட்டது. இங்கிலாந்தில் விக்டோரியா காலத்துக் குப்பைமேடுகளைத் தோண்டுபவர்களுக்குக் கழுத்து உடைந்த கோலி சோடா பாட்டில்களே அதிகம் கிடைக்கின்றன. கோலிக்காக உடைத்தது யார் என்று திருநெல்வேலிக்காரருக்குச் சொல்ல வேண்டுமா? உங்களிடம் இருப்பதில் ‘டான் ரைலாண்ட்ஸ், பார்ன்ஸ்லி’ என்று புடைப்பெழுத்து இருந்தால் அது கப்பலில் வந்தது.

மண்ணில் கிடந்த பாட்டிலில் வானவில் போலப் படலம். அமிலம் போட்டுக் கழுவலாமா? – வாசகர், புதுச்சேரி

வேண்டாம். அது அழுக்கல்ல. கண்ணாடியிலிருந்த காரப்பொருளை ஈரம் உறிஞ்சியதால் மேற்பரப்பே அரித்துப் படலமாகிவிட்டது. சேகரிப்பவர்கள் செப்புத் துணுக்கும் மெருகுப் பொடியும் போட்டு, உருளும் பெட்டியில் நாள்கணக்கில் சுழற்றிப் பளபளப்பாக்குகிறார்கள். எனக்கு அந்தப் பளபளப்பு பிடிக்காது. சோப்புத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும், வெந்நீர் கூடாது. தக்கையோடு, உள்ளே ஏதாவது மிச்சத்தோடு கிடைத்ததென்றால் திறக்காதீர்கள், முகர்ந்தும் பார்க்காதீர்கள். அந்தக் காலத்து மருந்துக்கடையில் பாதரசமும் ஆர்செனிக்கும் சாதாரணச் சரக்கு.